மட்டக்குதிரைக்கு விடைகொடுக்கும் நாள்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி விட்டுப் பிழைக்கும் குடும்பம். எங்கள் மட்டக்குதிரை ராணியை என் மாமனார் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் குட்டியாக வாங்கி வந்தார். இப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஏழு ஆண்டுகளாகச் சவாரிக்கு அனுப்புவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முன்னங்கால் குளம்புகளில் நோய் வந்தது. அன்றிலிருந்து இனிப்பு எதுவும் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்ல, அப்படியே இருந்து வருகிறோம். இந்த ஆண்டு விலா எலும்பு தெரிகிறது. புல்லை மென்று உருண்டை உருண்டையாகக் கீழே துப்புகிறாள். கோடையிலும் உடம்பு மயிர் உதிராமல் நீண்டு சுருண்டு கிடக்கிறது. இரவில் படுப்பதே இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு முன்னங்கால்களிலும், குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் முன்புறத்தில், தோல் உரிந்து இரத்தம் கசிகிறது. இங்குள்ள மருத்துவர், "யோசித்து முடிவெடுங்கள்" என்கிறார். என் கணவர், "நம் கையால் கொல்வது பாவம், தானாகப் போகட்டும்" என்கிறார். கீழேயிருந்து வரும் வியாபாரி ஒருவர் சிறு தொகைக்குக் கேட்கிறார். எனக்கு இரவில் உறக்கம் இல்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்தில் ராணியை நீங்கள் ஓரிடத்திலும் 'அது' என்று எழுதவில்லை, நானும் 'அவள்' என்றே எழுதுகிறேன். நேரில் பார்க்காத குதிரைக்கு முடிவு சொல்வது மருத்துவ முறையாகாது. ஆனாலும் நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் ஒவ்வோர் அறிகுறிக்கும் பொருள் இருக்கிறது. அவற்றை உங்களுக்கு விளக்குவது என் கடமை. விளங்கிய பிறகு உங்கள் மருத்துவர் எதை யோசிக்கச் சொன்னார் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் பல். குதிரையின் கடைவாய்ப்பல் நம் பல்லைப் போல ஒரு முறை முளைத்து அப்படியே நிற்பதில்லை. தாடைக்குள் நீளமாகப் புதைந்திருக்கும் அந்தப் பல், புல்லை அரைத்து அரைத்துத் தேயத் தேய, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை மேலே ஏறிக்கொண்டே வரும். இருபத்தைந்தைக் கடந்த குதிரைக்கு அந்தக் கையிருப்பு தீரத் தொடங்கிவிடும்; அரைக்கும் பரப்பு வழுவழுப்பாகி, சில பற்கள் ஆடி விழுந்தும்விடும். உங்கள் மாமனார் காலத்துக் குதிரைக்காரர்கள் மேல்வரிசை ஓரப் பல்லில் உள்ள கோட்டைப் பார்த்து வயது சொல்வார்கள். பத்து வயதில் ஈறருகே தோன்றும் அந்தக் கோடு இருபது வயதில் பல்லின் நுனிவரை இறங்கி, பிறகு மேலிருந்து மறையத் தொடங்கி, முப்பதை நெருங்கும்போது காணாமற்போகும். ராணியின் பல்லில் இப்போது அந்தக் கோட்டின் அடிப்பகுதி மட்டுமே எஞ்சியிருக்கும். அவள் துப்பும் உருண்டையைக் கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். நார் அறுபடாமல் முழு நீளத்தில் இருக்கும். அவளுக்குப் பசி இருக்கிறது, விருப்பமும் இருக்கிறது, அரைக்கத்தான் முடியவில்லை. இதற்கு மட்டும் என்றால் வழி உண்டு: ஊறவைத்த தவிடு, வேகவைத்து மசித்த கொள்ளு, பொடியாக நறுக்கி நனைத்த புல் ஆகியவற்றை ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொடுத்துப் பல்லில்லாத குதிரையைச் சில ஆண்டுகள்கூட நன்றாக வைத்திருந்த குடும்பங்களை நான் அறிவேன்.

மயிர் உதிராமல் சுருண்டு கிடப்பது குளிர்ப் பிரதேசத்தால் வருவது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். வயதான மட்டக்குதிரைகளில் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பழுதுபட்டு, சில சுரப்புகள் அளவுக்கு மீறிச் சுரப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். தண்ணீர் அதிகம் குடிப்பதும், சிறுநீர் அதிகம் கழிப்பதும், முதுகுத் தசை கரைந்து முதுகெலும்பு துருத்துவதும், கண்ணுக்கு மேலே உள்ள குழி நிரம்பிப் புடைப்பதும் இதே நோயின் முகங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த குளம்பு நோயும் இதன் கிளையாகவே இருந்திருக்கக் கூடும். குளம்பின் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் இணைத்துப் பிடித்திருக்கும் மெல்லிய திசு மடிப்புகள் வீங்கித் தளர்ந்தால், உடலின் பாரம் முழுவதும் அந்த எலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். நகக்கண்ணில் ஊசி ஏறினால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட வலியின்மேல் நான்கு காலும் ஊன்றி நிற்பது எப்படி என்று எண்ணிப் பாருங்கள். சுரப்பி நோய்க்கு மருந்து உண்டு; ஆனால் வாழ்நாள் முழுவதும் நாள் தவறாமல் கொடுக்க வேண்டும், தொடக்கத்திலேயே கொடுத்தால்தான் பயனும் மிகுதி.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கவைத்தது, அவள் படுப்பதில்லை என்று நீங்கள் எழுதிய ஒரு வரிதான். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்; முழங்கால் மூட்டைப் பூட்டிக்கொண்டு நிற்க அதன் காலில் இயற்கையான ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் அது அரைத்தூக்கமே. ஆழ்ந்த உறக்கத்துக்கு, நாளொன்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது, அது படுத்தே ஆகவேண்டும். படுத்தால் எழ முடியாது என்று தெரிந்துகொண்ட கிழக்குதிரை, பயத்தினால் படுப்பதையே விட்டுவிடும். பல இரவுகள் அப்படிக் கழிந்தபின், நின்ற நிலையிலேயே ஆழ்ந்த உறக்கம் அதை மேற்கொள்ளும். அந்த நொடியில் பூட்டு விட்டுப்போய், முன்னங்கால்கள் மடங்கி, மூட்டு தரையில் மோதி, திடுக்கிட்டு எழும். நீங்கள் காலையில் பார்க்கும் காயம் அப்படி ஏற்பட்டது. இரவில் அவள் எத்தனை முறை அப்படி விழுந்து எழுகிறாள் என்பது அந்தப் புண்ணைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பல் ஒன்றாக மட்டும் இருந்தால் சமாளிக்கலாம் என்றேன். குளம்பு வலி ஒன்றாக மட்டும் இருந்தாலும் லாடக்காரரும் மருத்துவரும் சேர்ந்து ஓரளவு காலம் தள்ளலாம். உண்ண முடியாமை, நிற்பதில் வலி, படுக்க முடியாமை ஆகிய மூன்றும் ஓர் உடலில் சேர்ந்துவிட்டபோது நாம் எதைக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முடிவெடுக்க உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அடுப்பங்கரையில் தொங்கும் நாட்காட்டியில் ஒவ்வோர் இரவும் அன்றைய நாள் ராணிக்கு நல்ல நாளா கெட்ட நாளா என்று ஓர் அடையாளம் இடுங்கள். எதைக் கொண்டு அளப்பது என்றால், அவளுக்குப் பிடித்த மூன்று நான்கு காரியங்களைக் கொண்டு அளவிடுங்கள்: கொள்ளு வாளியின் ஓசை கேட்டதும் மெல்லக் கனைக்கிறாளா, வெயில் வந்ததும் காய்ந்த மண்ணைத் தேடிப் போய்ப் புரள்கிறாளா, பக்கத்துக் குதிரையின் பிடரியைப் பல்லால் கோதிவிடுகிறாளா, உங்கள் கணவரின் காலடி கேட்டுக் காதைத் திருப்புகிறாளா. இரண்டு வாரம் இப்படிக் குறித்துவந்தால், நெஞ்சம் ஒப்பாததைத் தாள் ஒப்புக்கொள்ளும். கெட்ட நாள்கள் நல்ல நாள்களைவிட மிகுந்துவிட்டால் மேலும் காத்திருப்பது அவளுக்காக அன்று.

தானாகப் போகட்டும் என்கிறார் உங்கள் கணவர். அவருடைய மனத்தை நான் மதிக்கிறேன். முப்பது ஆண்டுகளாக இதே சொல்லை நல்ல மனிதர்கள் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். ஆனால் குதிரை தானாகப் போவது என்பது, நாம் எண்ணுவதுபோல ஒரு நாள் காலையில் உறங்கிய நிலையில் கண்டெடுப்பது அன்று; அப்படி நடப்பது மிக அரிது. பழநி அடிவாரத்தில் வண்டி இழுத்து ஓய்ந்த கிழக்குதிரை ஒன்றுக்கு நான் பல மாதம் வைத்தியம் செய்தேன். ஒரு மாலையில் உரிமையாளர், "இன்றைக்கே முடித்துவிடலாமா ஐயா?" என்று அவராகவே கேட்டார். நான்தான் இன்னோர் ஊசி போட்டுப் பார்ப்போம், காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று நள்ளிரவில் குடல் முறுக்கிக்கொண்டது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் அடைத்தது வெளியேற வழியே கிடையாது. நான் போய்ச் சேர்ந்தபோது, அமைதியாக நிற்கையில் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்க வேண்டிய இதயம் 90-ஐத் தாண்டித் துடித்துக்கொண்டிருந்தது. லாயத்துச் சுவரெல்லாம் அது தலையை மோதிக்கொண்ட இரத்தக் கறை. அந்த மனிதர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு நாள் முந்தியிருக்க வேண்டும் என்பதை அந்த இரவில் கற்றேன். அதற்குப் பிறகு யாரிடமும் ஒரு நாள் பிந்தலாம் என்று நான் சொன்னதில்லை.

பாவமா என்ற கேள்விக்குச் சாத்திரம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அகிம்சையையே வாழ்வாகக் கொண்ட ஒருவர் இந்த இடத்தில் என்ன செய்தார் என்பதைச் சொல்லலாம். 1928-ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியின்றி வேதனையில் கிடந்த கன்று ஒன்றுக்கு, மருத்துவரை வரவழைத்து ஊசி போட்டு உயிரை அடக்கச் சொன்னவர் காந்தியடிகள். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் தம் இதழிலேயே அவற்றுக்கு விடை எழுதி, தாம் செய்தது அகிம்சைக்கு மாறானதன்று என்பதில் உறுதியாக நின்றார். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். நமது நாட்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், 1960-ஆம் ஆண்டுச் சட்டம், மீட்க முடியாத துன்பத்தில் இருக்கும் விலங்கின் உயிரை வலியின்றி முடிப்பதற்கு இடம் தருகிறது. உணவும் நீரும் இன்றித் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவதையும், வயதாலோ நோயாலோ தகுதியற்றுப்போன விலங்கை வேலை வாங்குவதையும் குற்றம் என்கிறது.

கடைசியாக அந்த வியாபாரி. தயவுசெய்து கொடுக்காதீர்கள். மலையிறங்கும் வண்டியில், வழுக்கும் பலகைமேல், நோயுற்ற குளம்புகளோடு வளைவுக்கு வளைவு தள்ளாடி நிற்பதே அவளுக்குத் தாங்க முடியாத தண்டனை. அதற்குமேல் என்ன நடக்கும் என்பதை அவர் உங்களிடம் சொல்லமாட்டார். கல்யாண ஊர்வலத்துக்கோ செங்கல் சுமக்கவோ இன்னும் சில மாதம் உதவும் என்று யாராவது வாங்கினால்தான் அவருக்கு இலாபம். அவிழ்த்துவிட்டுவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். உதகைச் சாலைகளில் அப்படி அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகள் குப்பைத்தொட்டியைக் கிளறிப் பிளாஸ்டிக் பையைத் தின்று நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

என் கருத்தைக் கேட்டால், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் நாள் குறித்துவிடுங்கள். சேறும் குளிரும் சேர்ந்த கொடைக்கானல் இரவுகளை இந்தக் கால்களோடு அவள் மறுபடியும் கடக்க வேண்டியதில்லை.

கேள்வி: அதை எப்படிச் செய்வார்கள்? வலிக்குமா? நாங்கள் அருகில் இருக்கலாமா? (அதே வாசகி)

பதில்: முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது, அம்மா, தெரியாமல் நிற்பவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் ஆண்டுக்கணக்கில் கண்ணில் நிற்கும். மருத்துவர் முதலில் கழுத்துச் சிரையின் மேலுள்ள மயிரைக் கொஞ்சம் மழித்து, சிறு குழாய் ஒன்றைச் செருகுவார். அந்தக் குத்து, தடுப்பூசியின்போது அவளுக்குப் பழகிய குத்துதான். பிறகு அமைதிப்படுத்தும் மருந்து. சில நிமிடங்களில் தலை தாழும், கீழுதடு தொங்கும், காதுகள் பக்கவாட்டில் சரியும். அதற்கு மேல் நடப்பது எதுவும் அவளை எட்டாது. இறுதியாக மயக்க மருந்து, அறுவைச் சிகிச்சைக்குத் தருவதைவிடப் பன்மடங்கு மிகுந்த அளவில். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் கால்கள் மடங்கிச் சாய்ந்துவிடுவாள்.

சாய்வது மெதுவாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மட்டக்குதிரைதான் என்றாலும் இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட உடம்பு. சில சமயம் சட்டென்று விழும். அதனால் கயிற்றைப் பிடித்திருப்பவர் அவளுக்கு நேர் முன்னால் நிற்கக் கூடாது. பக்கவாட்டில், மருத்துவர் காட்டும் இடத்தில் நிற்க வேண்டும். விழுந்த பிறகு ஓரிரு முறை நெடுமூச்சு வாங்குவதும், தோளிலும் தொடையிலும் தசை துடிப்பதும் உண்டு. அவை உணர்வு இல்லாத உடம்பின் அசைவுகள். கண்கள் மூடாமல் திறந்தே இருக்கும். மருத்துவர் கருவிழியை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்து இமை அசையவில்லை என்று உறுதி செய்வார், பிறகு பல நிமிடங்கள் மார்பில் காது வைத்து இதயம் நின்றதை உறுதிப்படுத்துவார். அவர் சொல்லும்வரை யாரும் கிட்டே போக வேண்டாம். சொன்ன பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அருகில் உட்காரலாம்.

அருகில் இருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அவளுக்குப் பழகிய குரல் ஒன்று அவள் தலைமாட்டில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். உங்கள் கணவர் நிற்க முடிந்தால் அவரே நிற்கட்டும்; நாள்தோறும் லகானைப் பூட்டும்போது என்ன பேசுவாரோ அதையே பேசட்டும். அழுகை வந்தால் வரட்டும், குரலை மட்டும் உயர்த்த வேண்டாம். நிற்க முடியாது என்று தோன்றினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்கள் நில்லுங்கள். இடம் அவள் வழக்கமாக மேயும் சமதரையாக இருக்கட்டும். சரிவும் கல்லும் சிமெண்டுத் தரையும் வேண்டாம். காலை வெயில் ஏறிய நேரம் நல்லது. இதற்கு உங்கள் பகுதி அரசு கால்நடை மருத்துவரிடம் சில நாள் முன்பே சொல்லி வையுங்கள். அதற்குள் திடீரென்று விழுந்து எழ முடியாமல் போனாலோ வயிற்றுவலி கண்டாலோ 1962 என்ற எண்ணை அழையுங்கள்; கால்நடை அவசர ஊர்தி அந்த எண்ணில்தான்.

கேள்வி: எங்கள் தோட்டத்திலேயே புதைக்கலாமா? சிலர் காட்டோரமாகப் போட்டுவிடச் சொல்கிறார்கள். (அதே வாசகி)

பதில்: காட்டோரமாகப் போடவே கூடாது. அவளுக்குச் செலுத்தும் மருந்து இறந்த பிறகும் சதையில் அழியாமல் நிற்கும். அந்த உடலைத் தின்னும் நாயும் நரியும் கழுகும் இறந்துபோகும். நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளைக் காப்பாற்ற எத்தனை பேர் எத்தனை ஆண்டாகப் பாடுபடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்; மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி, இறந்த மாட்டின் சதை வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்ததால்தான் அந்த இனமே அழியும் நிலைக்கு வந்து, 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். இப்போது ராணிக்கு வலி தணிக்கக் கொடுப்பதாக இருந்தாலும், மனிதர்களுக்கு விற்கும் அந்த ஊசியை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மருத்துவர் தருவதையே கொடுங்கள்.

தோட்டத்தில் புதைக்கலாம், ஆனால் நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கிணறு, ஓடை, ஊற்று ஆகியவற்றிலிருந்து எட்ட, மழைநீர் தேங்காத மேட்டில், எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஏழெட்டு அடி ஆழத்துக்குக் குழி வேண்டும். மூடும்போது உடலின் மேல் நான்கடி மண்ணாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காட்டுப்பன்றி தோண்டிவிடும். கையால் வெட்டி மாளாது. ஜேசிபி வைத்து முதல் நாளே வெட்டி முடித்துவிடுங்கள். அவள் மேயும் இடத்துக்குப் பக்கத்திலேயே குழி இருந்தால், பிறகு கயிறு கட்டி நெடுந்தூரம் இழுக்கும் காட்சியை நீங்கள் பார்க்க வேண்டியிராது. இயந்திரத்தின் இரைச்சல் அடங்கி ஓர் இரவு கழிந்த பிறகு அவளை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

லாடம் இன்னும் இருந்தால் லாடக்காரரை அழைத்து முன்னதாகவே கழற்றிவிடச் சொல்லுங்கள்; குளம்பு வலிக்கும் அது கொஞ்சம் ஆறுதல். வால்மயிரில் ஒரு பிடி நறுக்கி வைத்துக்கொள்ள விரும்பினால் அவள் உயிரோடு நிற்கும்போதே, வாரிவிடும் சாக்கில், செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்களிடம் இருபது ஆண்டுகளாக ஒரே லாயத்தில் இருந்த இரண்டு மட்டக்குதிரைகளில் ஒன்று சென்ற மாதம் இறந்துவிட்டது. மற்றது இரவெல்லாம் கனைக்கிறது, வாசலையே பார்த்து நிற்கிறது. ஏங்கி இறந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். (உதகை வாசகர்)

பதில்: உடலை அதற்குக் காட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடைக்கானல் அம்மாவுக்கும் இது பொருந்தும் என்பதால் சொல்கிறேன்: துணைக் குதிரையை, எல்லாம் முடிந்த பிறகு, அவிழ்த்துக் கொண்டுவந்து உடலின் அருகில் நிறுத்துங்கள். அது முகரும், மூக்கை முகத்தில் வைத்து ஊதும், சில குதிரைகள் முன்னங்காலால் தட்டியும் பார்க்கும், பிறகு தானாகவே திரும்பி மேயப் போய்விடும். அப்படி முகர்ந்து பார்த்தவை, துணை மாயமாய் மறைந்துபோனவற்றைவிட விரைவில் அடங்குவதை நான் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன்.

உங்கள் குதிரைக்கு அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. ஆனாலும் கனைப்பு நாளடைவில் குறையும். நீங்கள் கவனிக்க வேண்டியது தீனியை. ஒரு நாள் முழுவதும் எதையும் தொடவில்லை, சாணியும் போடவில்லை என்றால் அதை ஏக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரை அழையுங்கள். குதிரையின் குடல் வெறுமையைத் தாங்காது. தனியாக மட்டும் வைக்காதீர்கள். வேறொரு குதிரை கிடைக்கும்வரை ஒரு கழுதையோ வெள்ளாடோ பக்கத்தில் இருந்தாலும் அது ஆறுதல் கொள்ளும்.

கேள்வி: என் பேத்திக்கு ஒன்பது வயது. நடக்கப் பழகியதே ராணியின் காலைப் பிடித்துக்கொண்டுதான். அவளிடம், ராணியைக் கீழே வைத்தியத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று சொல்லிவிடலாமா? (கொடைக்கானல் வாசகி)

பதில்: வேண்டாம், அம்மா. வைத்தியத்துக்குப் போனவள் எப்போது திரும்புவாள் என்று அந்தக் குழந்தை ஆண்டுக்கணக்கில் கேட்கும். பிறகு ஒரு நாள் வேறு யாரோ உண்மையைச் சொல்வார்கள், அன்று அவளுக்கு ராணியை இழந்த துக்கத்தோடு உங்கள்மேல் வைத்த நம்பிக்கையையும் இழந்த துக்கம் சேரும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இறப்பு தெரியும். ராணிக்குக் காலில் ஆறாத வலி இருக்கிறது, மென்று தின்ன முடியவில்லை, படுத்து உறங்க முடியவில்லை, மருத்துவர் ஊசி போட்டு அந்த வலியை நிறுத்தப் போகிறார், அதோடு அவள் உயிரும் நின்றுவிடும் என்று இதே சொற்களில் சொல்லுங்கள். தூங்கவைக்கிறோம் என்று சொல்லாதீர்கள். இரவில் தானும் தூங்கப் பயப்படுவாள்.

முதல் நாள் முழுவதும் அவளை ராணியோடு விடுங்கள். பள்ளிக்கு ஒரு நாள் விடுப்புச் சொல்லலாம். தேய்க்கட்டும், பிடரியைப் பின்னட்டும், பேச நினைப்பதையெல்லாம் பேசட்டும். ஊசி போடும் வேளையில் மட்டும் வீட்டுக்குள் இருக்கட்டும், ஏனென்றால் அந்த விழுகை பெரியவர்களுக்கே கடினம். எல்லாம் முடிந்து, ஒரு துணியால் உடலை மூடி முகத்தை மட்டும் திறந்துவைத்த பிறகு, பார்க்க வேண்டுமா என்று அவளையே கேளுங்கள். வேண்டும் என்றால் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். குழியில் முதல் பிடி மண்ணையோ பூவையோ போட அவள் விரும்பக்கூடும்.

கேள்வி: அன்று காலையில் அவளுக்கு என்ன கொடுக்கலாம்? வெறும் வயிற்றில் இருக்க வேண்டுமா? இதைக் கேட்கச் சொன்னவர் என் கணவர். (அதே வாசகி)

பதில்: அவர் கேட்கச் சொன்னார் என்று படித்தபோது எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. பட்டினி போட வேண்டியதில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் சொல்லும் கட்டுப்பாடு எதுவும் இதற்குக் கிடையாது. கொள்ளை நன்றாகக் குழைய வேகவைத்து, ஆறவைத்து, வழக்கமான வாளியிலேயே கொடுங்கள். ஓசை கேட்டுக் கனைப்பாள். கொடைக்கானல் காரட்டைத் துருவிக் கலந்து கொடுங்கள், முழுதாகக் கொடுத்தால் அவளால் கடிக்க முடியாது. இரண்டு ஆண்டுகளாக இனிப்பு காட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இனி அந்தத் தடை இல்லை. உங்கள் கணவரின் உள்ளங்கையில் வெல்லத்தைப் பொடித்துப் பரப்பி நீட்டச் சொல்லுங்கள். கடிக்கத் தேவையில்லாமல், நக்கியே தின்பாள்.